கேள்வி நேரம்: பாரிஸ்டர் கார்சன்

போன இதழ்ல பழைய லண்டன் கோர்ட்டுகளைப் பத்தி எழுதினப்போ எட்வர்ட் கார்சன்னு ஒரு பாரிஸ்டர் பேரை ஒரே ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டேன், "நாடகாசிரியர் ஆஸ்கர் வைல்டை கூண்டுல நிக்கவச்சு கேள்வி கேட்டவரு, அப்புறம் அரசியலுக்குப் போனவரு"ன்னு. அதுக்கு இத்தனை கடிதம் வரும்னு நான் நினைக்கவே இல்ல. அதனால இந்த வாரம் முழுக்க அவரு தான்.

யாரு சார் இந்த கார்சன்? பாரிஸ்டருக்கும் நம்ம ஊரு வக்கீலுக்கும் என்ன வித்தியாசம்?
(திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல வர்றேன். இங்கிலாந்துல வக்கீல் தொழில் ரெண்டா பிரிஞ்சிருக்கு. கட்சிக்காரரை பார்த்து பேசி, பேப்பர் எல்லாம் சேர்த்து, சாட்சியைத் தேடிப் பிடிக்கிறவரு சொலிசிட்டர். அவரு கேஸ் கட்டை ரோஸ் கலர் நாடா போட்டுக் கட்டி அனுப்புவாரு, அதை வாங்கிப் படிச்சுட்டு ஹைகோர்ட்ல எழுந்து நின்னு வாதாடுறவரு பாரிஸ்டர். எங்க அப்பா வக்கீல் குமாஸ்தாவா இருந்தவரு, ராத்திரி வீட்டுல உக்காந்து கேஸ் கட்டுக்கு நாடா போட்டு இறுக்கும்போது முழங்கையால அமுக்கிப் பிடிச்சுக்குவாரு. அந்த நாடா எங்கேருந்து வந்த பழக்கம்னு ரொம்ப நாள் கழிச்சுதான் எனக்குத் தெரிஞ்சுது.

பாரிஸ்டர் ஆகணும்னா லண்டன்ல 'இன்'னு சொல்ற பாரிஸ்டர் சங்கங்கள் நாலு இருக்கு, அதுல ஒண்ணுல சேரணும். பரீட்சை ஒரு பக்கம், இன்னொரு பக்கம் அங்க இத்தனை தடவை டின்னர் சாப்பிட்டிருக்கணும்னு கணக்கு. நம்ம காந்தியும் இன்னர் டெம்பிள்ல அந்த டின்னரையெல்லாம் முடிச்சுத்தான் 1891ல பாரிஸ்டர் ஆனாரு.

கார்சன் 1854 பிப்ரவரி 9ஆம் தேதி அயர்லாந்துல, டப்ளின் ஹார்கோர்ட் தெருவுல பிறந்தவரு. அப்பா கட்டடக்கலைஞர், மகனுக்கும் அதுலதான் ஆசை, ஆனா அப்பா தான் வக்கீலுக்குப் படின்னு சொல்லிட்டாரு. டிரினிட்டி காலேஜ்ல படிச்சு 1877ல அயர்லாந்துல வக்கீலா பதிவாயிட்டாரு. ஆரம்பத்துல பெருசா கேஸ் எல்லாம் கிடையாது. 1881ல அங்க ஒரு நிலச் சட்டம் வந்துச்சு, குத்தகைக்காரங்க கோர்ட்டுக்குப் போயி நியாயமான குத்தகையை நிர்ணயம் பண்ணிக்கலாம்னு. அந்த மாதிரி ஏழை குத்தகைக்காரங்களுக்காக ஆஜராகித்தான் இவரு பேரெடுத்தாரு. இதை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க, ஏன்னா ஆறே வருஷத்துல அப்படியே எதிர்ப்பக்கம் நின்னாரு. 1887ல பால்ஃபர் அயர்லாந்துக்கு மந்திரியா வந்து ஒரு அடக்குமுறைச் சட்டம் போட்டாரு, அந்தச் சட்டத்துல நிலப் போராட்டக்காரங்க மேல அரசு சார்பா கேஸ் நடத்துனது கார்சன். அதே வருஷம் செப்டம்பர்ல மிட்செல்ஸ்டவுன் ஊர்ல போலீஸ்காரங்க ஜனக்கூட்டத்து மேல சுட்டு மூணு பேர் செத்தாங்க, அன்னிக்கு அந்த ஊர்ல அரசு வக்கீலா இவரு இருந்தாரு. ஜனங்க இவருக்கு 'அடக்குமுறை கார்சன்'னு பட்டப்பேரே வச்சுட்டாங்க.

நான் சட்டக்கல்லூரி மாணவன். அந்தக் காலத்துல பாரிஸ்டர்கள் ஏன் இவ்வளவு பேர் எம்.பி. ஆனாங்க?
(சேலம்)

தம்பி, நல்ல கேள்வி. பேச்சுத்திறமை, நாட்டுப்பற்று எல்லாம் இருக்கட்டும், முதல் காரணம் ரொம்ப சாதாரணமானது. 1911 வரைக்கும் எம்.பி.க்கு சம்பளமே கிடையாது, அந்த வருஷம்தான் முதல் முதலா வருஷத்துக்கு 400 பவுண்டுன்னு போட்டாங்க. அதுவரைக்கும் சொந்தச் சொத்து இருக்கணும், இல்லேன்னா நேரம் ஒத்துவர்ற ஒரு தொழில் இருக்கணும். கோர்ட்டு பகல்ல, பார்லிமென்ட் சபை சாயங்காலம் தொடங்கி ராத்திரி வரைக்கும் போகும், ஒரே ஆளு ரெண்டையும் பார்க்கலாம். அது போக எம்.பி.யா இருக்கிற பாரிஸ்டருக்குத்தான் அட்டர்னி ஜெனரல், சொலிசிட்டர் ஜெனரல்னு அரசாங்கத்தோட தலைமை வக்கீல் பதவி, அதுக்கப்புறம் ஜட்ஜ் பதவின்னு ஒரு ஏணியே இருந்துச்சு.

கார்சனும் அந்த ஏணியில ஏறினவரு தான். 1892ல அயர்லாந்து சொலிசிட்டர் ஜெனரல், அதே வருஷம் டப்ளின் யூனிவர்சிட்டி தொகுதி எம்.பி. லண்டனுக்கு வந்து 1893ல மிடில் டெம்பிள் மூலமா இங்கிலாந்துலயும் பாரிஸ்டர், அடுத்த வருஷமே சில்க் கவுன், அதாவது ராணியோட சீனியர் வக்கீல் பட்டம். 1900லேருந்து 1905 வரைக்கும் இங்கிலாந்து சொலிசிட்டர் ஜெனரல்.

இவரோட கேஸ்கள்ல எதிர்ப்பக்கம் நின்னவங்களைப் பாரு: சர் எட்வர்ட் கிளார்க், ரூஃபஸ் ஐசக்ஸ், ரெண்டு பேருமே எம்.பி. அந்த ஐசக்ஸ் தான் பின்னால ரீடிங் பிரபுன்னு நமக்கு வைஸ்ராயா வந்தவரு. கார்சனோட பெரிய அரசியல் எதிரி பிரதமர் ஆஸ்குவித், அவரும் பாரிஸ்டரா இருந்து எம்.பி. ஆனவர் தான். பகல்ல கோர்ட்ல யாரோட மோதினாங்களோ ராத்திரி சபையிலயும் அவங்களோடவே மோத வேண்டியதா இருந்துச்சு.

ஆஸ்கர் வைல்ட் கேஸ்ல என்ன நடந்துச்சு? கூடப் படிச்சவரையே இப்படிச் செய்யலாமா?
(மதுரையிலிருந்து ஒரு வாசகி)

அம்மா, இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் எடுத்துக்கப் போறேன்.

ரெண்டு பேருக்கும் ஊர் டப்ளின், பிறந்தது 1854, காலேஜ் டிரினிட்டி, அதுவும் ஒரே காலத்துல. 1895 பிப்ரவரியில குவீன்ஸ்பெர்ரி பிரபு, அவரோட மகன் வைல்டோட நெருக்கமா இருக்கிறது பிடிக்காம, வைல்டோட கிளப்புக்குப் போயி ஒரு கார்டுல அவமானமா ஒரு வரி எழுதி, அதுலயும் எழுத்துப்பிழையோட, வாசல்ல இருந்த ஆள்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாரு. ஆம்பளையோட ஆம்பளை உறவு வச்சா ஜெயில்னு 1885லயே சட்டம் வந்தாச்சு. அந்த கார்டை கிழிச்சுப் போட்டுட்டு வைல்ட் சும்மா இருந்திருக்கலாம். ஆனா அவரு பிரபு மேல அவதூறு கேஸ் போட்டாரு, கேஸைத் தொடங்கினதே வைல்ட் தான்.

பிரபுவுக்கு வாதாட கார்சன்கிட்ட கட்டு வந்தப்போ அவரு முதல்ல தயங்கினாரு, கூடப் படிச்சவருக்கு எதிரா எப்படின்னு. சொலிசிட்டர் இன்னும் கொஞ்சம் ஆதாரம் கொண்டுவந்து காட்டினப்புறம் ஒத்துக்கிட்டாரு. அந்தக் கால சட்டப்படி அவதூறு கேஸ்ல தப்பிக்கணும்னா எழுதினது உண்மைன்னும் காட்டணும், அதை வெளியில சொன்னது ஊருக்கு நல்லதுன்னும் காட்டணும். அதுதான் கார்சன் தலையில விழுந்த வேலை.

ஏப்ரல் 3ஆம் தேதி ஓல்ட் பெய்லி கோர்ட்டு. வைல்டோட வக்கீல் கிளார்க் அவரு வயசைக் கேக்குறாரு, வைல்ட் முப்பத்தொன்பதுன்னு சொல்லிடுறாரு. கார்சன் எழுந்தாரு. முதல் கேள்வியே, முப்பத்தொன்பதுன்னு சொன்னீங்க, நாற்பது தாண்டிடுச்சே, நீங்க 1854 அக்டோபர் 16 பிறந்தவர் தானே? அவ்வளவுதான். தூக்குத்தண்டனை கேஸ் மாதிரி பெரிய குற்றச்சாட்டு ஒண்ணும் இல்ல, ஒரு வயசு வருஷம். ஆனா ஜூரிங்க முன்னாடி, சத்தியம் பண்ணிட்டு கூண்டேறின ஆளு முதல் பதில்லயே பொய் சொல்லிட்டாருன்னு பதிஞ்சு போச்சு. ஒரே வருஷம் பிறந்த காலேஜ் தோழனைத் தவிர வேற யாருக்கு அது அவ்வளவு சட்டுன்னு உறுத்தியிருக்கும்?

அதுக்கப்புறம் இலக்கியத்தைப் பத்தி கேள்வி கேட்டப்போ வைல்ட் பிரமாதமா பதில் சொன்னாரு, கோர்ட்டே சிரிச்சுது. கார்சன் சிரிக்கவும் இல்ல, அவசரப்படவும் இல்ல, டப்ளின் வாடை போகாத அந்தக் குரல்ல ஒவ்வொரு பேரா எடுத்துக் கேட்டுக்கிட்டே போனாரு, இந்தப் பையனை எப்படித் தெரியும், இவனுக்கு ஏன் பரிசு கொடுத்தீங்கன்னு. ஒரு வேலைக்காரப் பையனைப் பத்தி, அவனை முத்தமிட்டீங்களான்னு கேட்டாரு. வைல்ட் வழக்கம்போல வேடிக்கையா, ஐயோ இல்ல, பாவம் அவன் பார்க்க அழகாவே இருக்க மாட்டான்னு சொல்லிட்டாரு. கார்சன் பிடிச்சுக்கிட்டாரு. அதனாலதான் முத்தமிடலையா? அழகு இல்லேங்கறதை ஏன் சொன்னீங்க? ஏன்? ஏன்? விடவே இல்ல. அதுவரைக்கும் ஒரு பதிலுக்குக்கூட தடுமாறாத வைல்ட் அந்த இடத்துல வாக்கியத்தை முடிக்க முடியாம திணறிட்டாரு.

மூணாம் நாள் கிளார்க் கேஸை வாபஸ் வாங்கினாரு, அன்னிக்கு சாயங்காலமே வைல்ட் கைது, மே 25ஆம் தேதி ரெண்டு வருஷம் கடுங்காவல்.

செய்யலாமான்னு கேட்டீங்க. என் மனசுல பட்டதைச் சொல்றேன். அந்தச் சட்டமே கொடுமையான சட்டம், அந்த மனுஷனுக்கு நடந்தது அநியாயம், அதுல எனக்கு ரெண்டாவது அபிப்பிராயம் கிடையாது. அந்தக் குறுக்கு விசாரணையை தொழில் நுணுக்கத்துக்காக படிக்கும்போது ஆச்சரியமா இருக்கு, படிச்சு முடிச்சதும் வயித்தைப் பிசையுது, ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் வருது. பின்னால வைல்ட் மேல அரசு நடத்தின கேஸ்ல கார்சன் கலந்துக்கல. அரசு தரப்புல வாதாடின லாக்வுட்கிட்ட போயி, போதும், அந்த ஆளு ரொம்ப அனுபவிச்சுட்டாரு, விட்டுடக் கூடாதான்னு கேட்டதா சொல்லுவாங்க. கேட்டிருக்கலாம். ஆனா கதவைத் திறந்துவிட்டது அவரு கை தானே.

அவரு யாருக்காவது நல்லதும் செஞ்சிருக்காரா?
(கும்பகோணம்)

செஞ்சிருக்காரு, அதுவும் ஒரு 13 வயசுப் பையனுக்கு. ஜார்ஜ் ஆர்ச்சர்-ஷீன்னு பேரு, வைட் தீவுல ஆஸ்போர்ன் கடற்படைப் பள்ளியில கேடட். 1908 அக்டோபர்ல கூடப் படிக்கிற பையனோட அஞ்சு ஷில்லிங் போஸ்டல் ஆர்டர் காணாமப் போச்சு, அதை யாரோ கையெழுத்துப் போட்டு பணமாக்கியிருந்தாங்க. போஸ்ட் ஆபீஸ் அம்மா, 15 ஷில்லிங் 6 பென்ஸ் ஆர்டர் வாங்கின கேடட் தான் இதையும் மாத்தினான்னு சொன்னாங்க. அந்த 15 ஷில்லிங் 6 பென்ஸ் ஆர்டரை வாங்கினது ஜார்ஜ். கையெழுத்து நிபுணரும் அவன் கையெழுத்துன்னுட்டாரு. பையனைக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு அப்பாகிட்ட சொல்லிட்டாங்க.

அப்பா நம்பல. கேஸ் கார்சன்கிட்ட வந்துச்சு. இவரு முதல்ல அந்தப் பையனையே உக்கார வச்சு எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி குடைஞ்சு எடுத்தாரு, அவன் பதில் ஒரு இடத்துலயும் மாறல, அப்புறம்தான் கட்டைக் கையில வாங்கினாரு. ஆனா அந்தக் காலத்துல அரசாங்கத்து மேல யாரும் நேரா கேஸ் போட முடியாது, ராஜாவே மனு மேல 'நியாயம் செய்யப்படட்டும்'னு எழுதிக் கொடுத்தாத்தான் கோர்ட்டுக்குப் போக முடியும். அதை வாங்கி கேஸ் விசாரணைக்கு வர 1910 ஜூலை ஆயிடுச்சு. கூண்டுல நின்ன போஸ்ட் ஆபீஸ் அம்மாகிட்ட கார்சன் குரலை உயர்த்தவே இல்ல, மெதுவா மரியாதையா கேட்டாரு. யூனிஃபார்ம்ல கேடட்டுங்க எல்லாரும் ஒரே மாதிரி தெரிவாங்கன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நாலாம் நாள் அரசு தரப்புல ஐசக்ஸ் எழுந்து பையன் நிரபராதின்னு ஏத்துக்கிட்டாரு. பையன் அப்போ கோர்ட்லயே இல்லையாம், முந்தின ராத்திரி நாடகம் பார்க்கப் போயிட்டு லேட்டா எழுந்திருக்கான்னு சொல்லுவாங்க. அந்த அளவுக்கு தன் மேல நம்பிக்கை!

1911ல நஷ்ட ஈடும் கேஸ் செலவும் சேர்த்து 7,120 பவுண்டு கொடுத்தாங்க. ஜார்ஜ் 1914ல முதல் உலகப்போர்ல ஈப்ர் சண்டையில செத்துட்டான், 19 வயசு. அந்தக் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம்ங்கறதை சேர்த்துச் சொல்லணும், ஏன்னா அப்போ கார்சன் அயர்லாந்து புரொட்டஸ்டன்டுகளோட அரசியல் தலைவராவே ஆயிட்டாரு.

சட்டம் படிச்ச மனுஷன் துப்பாக்கி இறக்குமதி பண்ற கூட்டத்துக்குத் தலைவர் ஆனாருன்னு படிச்சேன், நிஜமா?
(புதுச்சேரி)

நிஜம். 'ஹோம் ரூல்'ங்கற வார்த்தை நமக்குப் புதுசு இல்ல, அன்னி பெசன்ட் 1916ல சென்னையில ஆரம்பிச்ச ஹோம் ரூல் லீக் பேரே அயர்லாந்துலேருந்து எடுத்தது தான். டப்ளின்ல தனி சட்டசபை வேணும்ங்கறது அந்தக் கோரிக்கை. 1886லயும் 1893லயும் மசோதா வந்து தோத்துச்சு. 1911ல பிரபுக்கள் சபையோட அதிகாரத்தைக் குறைச்சுட்டாங்க, இனிமே அவங்களால தள்ளிப்போட மட்டும்தான் முடியும், அதனால 1912ல மூணாவது மசோதா வந்தப்போ நிறைவேறப் போகுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

கார்சன் 1910லேருந்து ஐரிஷ் யூனியனிஸ்ட் கட்சித் தலைவர். அவரோட லட்சியம் முழு அயர்லாந்தும் பிரிட்டனோடவே இருக்கணும்ங்கறது. ஆனா ஆள் பலம் எல்லாம் வடக்குல, புரொட்டஸ்டன்டுங்க நிறைய இருக்கிற அல்ஸ்டர்ல. அதனால அல்ஸ்டரை ஆயுதமா எடுத்தாரு, அல்ஸ்டர் ஒத்துக்கலேன்னா ஹோம் ரூலே நடக்காதுன்னு கணக்கு. 1912 செப்டம்பர் 28, பெல்ஃபாஸ்ட் சிட்டி ஹால்ல யூனியன் ஜாக் கொடி விரிச்ச மேசை, அது மேல ஹோம் ரூலை எதிர்ப்போம்ங்கற உறுதிமொழிப் பத்திரம், வெள்ளிப் பேனா, முதல் கையெழுத்து கார்சன். அன்னிக்கு ஆம்பளைங்க 2,37,368 பேர், பெண்கள் தனிப் பிரகடனத்துல 2,34,046 பேர் கையெழுத்துப் போட்டாங்க. (இத்தனை பெண்களோட கையெழுத்தை வாங்கிக்கிட்ட மனுஷன் பெண்களுக்கு ஓட்டு வேணாம்னு சொன்னவரு, அதை என்னால ஜீரணிக்கவே முடியல.) 1913ல தொண்டர் படை, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர். 1914 ஏப்ரல்ல லார்ன் துறைமுகத்துல ராத்திரியோட ராத்திரியா 25,000 துப்பாக்கி இறங்குச்சு, இறங்கின வேகத்துல கார்ல ஏத்தி ஊர் ஊரா கொண்டுபோயிட்டாங்க. அரசாங்கம் கார்சன் மேல கை வைக்கல.

எதிர்ப்பக்கம் இதைப் பார்த்துக்கிட்டு சும்மா இருக்குமா, தேசியவாதிகளும் 1913 நவம்பர்லயே படை திரட்டிட்டாங்க, அதுலேருந்து வந்தவங்க தான் 1916 ஈஸ்டர் கிளர்ச்சியில டப்ளின் தெருவுல சண்டை போட்டாங்க. உலகப்போர் வந்ததும் கார்சனோட தொண்டர்கள் 36ஆவது டிவிஷன்ல சேர்ந்தாங்க, 1916 ஜூலை 1ஆம் தேதி தொடங்கின சோம் சண்டையில முதல் ரெண்டு நாள்லயே 5,000 பேருக்கு மேல செத்தோ காயப்பட்டோ காணாமலோ போனாங்க.

நான் கார்சனைப் பத்தி யோசிக்கும்போதெல்லாம் இந்த இடத்துலதான் நின்னுடுறேன். வக்கீலுக்கு தன் கட்சிக்காரர் பக்கத்தை மட்டும் முழு மூச்சா பேசுறதுதான் தர்மம், அவரு எவ்வளவு தூரம் போனாலும் மேல ஜட்ஜ் இருக்காரு, எதிர்ல இன்னொரு வக்கீல் இருக்காரு, நாலு மணிக்கு கோர்ட்டு கலையும். அரசியல்ல அந்த ஜட்ஜ் நாற்காலி காலியா இருக்கு. கோர்ட்ல செஞ்ச அதே வேலையை கார்சன் ஒரு ஜனத்தொகைக்காக செஞ்சாரு, அதே உறுதி, அதே விடாப்பிடி, ஆனா போதும்னு சொல்ல ஆள் இல்ல.

பதவி எல்லாம் கிடைச்சுதா?
(ஈரோடு)

1915ல அட்டர்னி ஜெனரல், 1916 டிசம்பர்லேருந்து 1917 ஜூலை வரைக்கும் கடற்படை மந்திரி, அப்புறம் போர் கேபினட். மந்திரியா பிரமாதம்னு சொல்ல முடியாது. வட அயர்லாந்தோட முதல் பிரதமரா வாங்கன்னு கூப்பிட்டப்போ வேணாம்னுட்டாரு, அந்த நாற்காலியில அவரோட அல்ஸ்டர் கூட்டாளி ஜேம்ஸ் கிரெய்க் உக்காந்தாரு.

கடைசியில ஜெயிச்சாரா தோத்தாரா?
(நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி)

அம்மா, 1920 சட்டம் அயர்லாந்தை ரெண்டா வெட்டுச்சு. ஆறு மாவட்டம் வட அயர்லாந்து, அது பிரிட்டனோட. மிச்சம் போச்சு, டப்ளினும் சேர்த்துதான், அவரு பிறந்த ஊர், படிச்ச காலேஜ், இருபத்தாறு வருஷம் எம்.பி.யா இருந்த தொகுதி எல்லாமே அங்க. அவரைக் கொண்டாடினவங்களுக்கு அது வெற்றி. அவருக்கு அப்படி இல்ல. 1921 பிப்ரவரியில தலைமையை விட்டு இறங்கும்போது தன் ஆளுங்ககிட்ட, சிறுபான்மை கத்தோலிக்கருங்க உங்ககிட்ட பயப்பட எதுவும் இல்லேன்னு முதல் நாள்லேருந்தே காட்டுங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. அதை அவங்க கேக்கல, அந்தக் கேக்காததோட விலையை பிள்ளைங்களும் பேரப்பிள்ளைங்களும் கொடுத்தாங்க.

அந்த டிசம்பர்ல, தெற்கு அயர்லாந்தோட உடன்படிக்கை கையெழுத்தான அடுத்த வாரம், பிரபுக்கள் சபையில எழுந்தாரு. அப்போ அவரு கார்சன் பிரபு, நாட்டோட உச்ச நீதிபதிகள்ல ஒருத்தர், அப்படிப்பட்டவங்க அரசியல் பேசக்கூடாதுன்னு மரபு. அதையும் மீறிப் பேசினாரு. நான் எவ்வளவு பெரிய முட்டாளா இருந்திருக்கேன், நான் வெறும் பொம்மை, அல்ஸ்டரும் பொம்மை, அயர்லாந்தும் பொம்மை, கன்சர்வேட்டிவ் கட்சியை ஆட்சிக்குக் கொண்டுவர்ற விளையாட்டுலன்னு. வாழ்நாள் முழுக்க அடுத்தவங்களை கூண்டுல நிக்கவச்சு வாக்குமூலம் வாங்கினவரு, அன்னிக்குத் தானே கூண்டேறினாரு.

1935 அக்டோபர் 22ஆம் தேதி இங்கிலாந்துல கென்ட் பக்கம் தன் வீட்டுல இறந்தாரு. உடலை போர்க்கப்பல்ல பெல்ஃபாஸ்ட் கொண்டுபோயி புனித ஆன் கதீட்ரலுக்குள்ள அடக்கம் பண்ணாங்க, அந்தக் கதீட்ரல்ல வேற யாரையும் புதைச்சதில்ல. சவப்பெட்டி மேல வட அயர்லாந்தோட ஆறு மாவட்டத்துலேருந்தும் கொண்டுவந்த மண்ணைத் தூவினாங்க. அதுல டப்ளின் மண் இல்ல.